எடித் கேட்ட இரண்டு கான் மூடி

மன்னார் நகரத்தின் மேற்குப் பக்கத்தில் இருக்கிற ஒரு மாதர் சங்கத்துக்கு எடித் பதினொரு வருடமாகச் செயலாளர். அந்தப் பதவியை அவள் கேட்டு வாங்கவில்லை. எழுத வாசிக்கக் கெட்டிக்காரி என்று முதல் கூட்டத்தில் யாரோ சொல்ல, மற்றவர்கள் கை தட்டி முடித்துவிட்டார்கள். அதன்பிறகு ஊருக்குள் எந்தத் திட்டக்காரர் வந்தாலும் அவளுடைய படலையைத்தான் முதலில் தட்டினார்கள். கை கழுவுவது எப்படி என்று ஒரு கூட்டம். சுனாமி வந்தால் எந்தப் பக்கம் ஓடுவது என்று ஒரு கூட்டம். கோழி வளர்ப்புக்கு மூன்று கூட்டம் நடந்தது, கோழி வரவேயில்லை. எல்லாக் கூட்டத்திலும் ஒரு பெரிய பழுப்புத் தாளை நிலத்தில் விரித்து, மார்க்கர் பேனையைக் கையில் தந்து, "உங்கட ஊரை வரையுங்கோ அம்மா" என்பார்கள். தன்னுடைய ஊரை எடித் அதுவரைக்கும் பதினேழு தரம் வரைந்து கொடுத்திருந்தாள். கொண்டுபோன படம் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை.

ஆகவே அந்த ஜனவரியில், 'துவிச்சக்கரவண்டி நேய நகரம்: குடியிருப்பாளர் பங்கேற்புக் கலந்துரையாடல்' என்று தலைப்புப் போட்ட கடிதம் வந்தபோது, அதை அடுப்பு மூட்ட வைத்துக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தாள்.

"துவிச்சக்கரவண்டியாம்" என்று புருசனுக்கு வாசித்துக் காட்டினாள். "சைக்கிள் எண்டு எழுதினால் கை சுளுக்கிவிடுமோ இவையளுக்கு?"

யாகப்பர் படகு எஞ்சினின் பிளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். "போயிட்டு வாவன். தின்ன ரோல்ஸ் குடுப்பினம்."

அவள் போனாள். ரோல்ஸுக்காக அல்ல, முஸ்பிராவுக்காகப் போனாள்.

முஸ்பிரா உப்புக்குளத்துக்காரி. எடித்தைவிடப் பன்னிரண்டு வயது இளமை. இரண்டு பேரும் தாழ்வுபாட்டு றோட்டில் உள்ள நண்டுக் கம்பனி ஒன்றில் ஒரே மேசையில் நின்று, அவித்த நண்டின் ஓட்டை உடைத்துச் சதை எடுக்கிறவர்கள். கம்பனிக் கேற்றை ஆறரைக்குப் பூட்டிவிடுவார்கள். அதனால் காலை ஆறு மணிக்கு நகரத்துக்குள்ளால் ஐம்பது அறுபது பெண்கள் சைக்கிளில் போவார்கள். முன்கூடையில் சாப்பாட்டுப் பெட்டி, தலையில் தொப்பி அல்லது முக்காடு, ஒருத்திக்குப் பின்னால் ஒருத்தி. அந்த வழியில் ஒரு வளைவு இருக்கிறது. அந்த இடத்தில் றோட்டு ஒடுங்கும். ஒரு பக்கம் றம்ஸீனின் ஹாட்வெயார் கடை, கடை வாசலில் எந்த நேரமும் ஒரு லொறி. மற்றப் பக்கம் றோட்டோடு ஒட்டிய கான். மழைத் தண்ணீர் ஓடுகிற அந்தக் கானைக் கொங்கிறீற் மூடிகளால் மூடியிருந்தார்கள். எதிரே பஸ் வந்தால் சைக்கிள்காரர் அந்த மூடிகளுக்கு மேலே ஏறி ஒதுங்குவதுதான் வழக்கம்.

அந்த மூடிகளில் இரண்டு எப்போதோ உடைந்து உள்ளே விழுந்துவிட்டன. நாலடி நீளத்துக்கு ஒன்றும் அதற்கு அங்கால் இன்னொன்றுமாக இரண்டு குழி. வெயில் காலத்தில் எல்லாருக்கும் தெரியும், விலத்திப் போவார்கள். கடிதம் வருவதற்கு முந்திய நவம்பரில் ஒரு நாள் இரவு முழுக்க மழை பெய்து கான் நிரம்பி, தண்ணீர் றோட்டு மட்டத்துக்கு வந்துவிட்டது. குழி எது, மூடி எது என்று தெரியவில்லை. பஸ் ஹோண் அடிக்க, எடித்துக்கு முன்னால் போய்க்கொண்டிருந்த முஸ்பிரா இடது பக்கம் வெட்டினாள். முன்சில்லு தாழ்ந்தது. அவள் ஹாண்டிலுக்கு மேலால் பறந்து மூடியின் விளிம்பில் தோளடிபட விழுந்தாள். காறை எலும்பு முறிந்த சத்தம் தனக்குக் கேட்டதென்று எடித் இன்றைக்கும் சொல்லுவாள். பஸ் நிற்கவில்லை.

நண்டு உடைக்க இரண்டு கையும் வேண்டும். முஸ்பிரா இரண்டு மாதம் வீட்டில் இருந்தாள். எலும்பு பொருந்தி வேலைக்குத் திரும்பியபோது சைக்கிளைத் தொட மறுத்துவிட்டாள். அந்த நேரத்துக்குக் கம்பனிப் பக்கம் போகிற பஸ் கிடையாது. காலை ஐந்து மணிக்கே வெளிக்கிட்டு நடந்து வருவாள். எடித் வழியில் நிறுத்தி, "ஏறு முஸ்பிரா, பின்னால இரு" என்றால், "வேணாம் அக்கா, நீங்க போங்க" என்று றோட்டை விட்டு மணலில் இறங்கி நடப்பாள்.

முதல் கூட்டம் பொதுநோக்கு மண்டபத்தில் நடந்தது. திட்டத்தின் சார்பில் வந்தவன் யசோதரன் என்கிற இருபத்தொன்பது வயதுப் பெடியன். திருக்கேதீஸ்வரத்துக்குக் கிட்ட, வயல்காரக் குடும்பம். பொறியியல் டிப்ளோமா முடித்தவன். இஸ்திரி போட்ட சேட், நெற்றியில் மெல்லிய திருநீறு, வாயில் மரியாதை. அவன் எல்லாருக்கும் நிறக் காகிதத் துண்டுகள் கொடுத்தான்.

"உங்கட கனவு நகரத்தில சைக்கிள் ஓடுறது எப்பிடி இருக்கவேணும் எண்டு ஒரு வசனத்தில எழுதுங்கோ. பிழை, சரி எண்டு ஒண்டுமில்லை."

பெண்கள் நிழல் மரம் என்று எழுதினார்கள், றோட்டு லைற் என்று எழுதினார்கள், ஒருத்தி நாய்த் தொல்லை என்று எழுதினாள். எடித் எழுதினாள்: 'றம்ஸீனின் கடை வளைவில் கான் மூடி இரண்டு இல்லை. போடவும்.'

யசோதரன் அதை வாசித்துச் சிரித்த முகத்தோடு, "அக்கா, இது ஒரு பிரச்சினை. நான் கேட்டது கனவை" என்றான்.

"தம்பி, எனக்கு வாற கனவே உந்தக் குழிதான். வேற என்னத்தை எழுத?"

மண்டபம் சிரித்தது. அவன் துண்டை வாங்கிப் 'பாதுகாப்பு' என்ற தலைப்பின் கீழே ஒட்டினான். படம் பிடித்தான். வரவுத் தாளில் எல்லாரும் கையெழுத்து வைத்தார்கள்.

இரண்டாவது கூட்டம் மார்ச்சில். இந்த முறை கடைக்காரர்களையும் கூப்பிட்டிருந்தார்கள். முதல் கூட்டத்தின் முடிவுகளைத் திரையில் காட்டினார்கள். எடித் கண்ணாடியைப் போட்டு ஒவ்வொரு வரியாகத் தேடினாள். நிழல் மரம் இருந்தது. நாய்கூட இருந்தது. கடைசியில் 'பாதுகாப்புத் தொடர்பான பொதுவான கரிசனைகள்' என்று ஒரு வரி.

அவள் எழும்பி நின்றாள். "தம்பி, என்ர மூடி எங்க?"

"அது அதுக்குள்ள இருக்கு அக்கா. பொதுவான கரிசனைகள் எண்டதுக்குள்ள வருது."

"எங்க வருது? நான் ரெண்டு மூடி எண்டு எழுதினனான். எந்த இடம் எண்டும் எழுதினனான். உதில மூடியும் இல்லை, இடமும் இல்லை. கரிசனையைக் கொண்டுபோய்க் கானுக்கு மேல வைக்கேலுமோ?"

யசோதரன் பதில் சொல்ல முதல் றம்ஸீன் எழும்பிவிட்டான். நாற்பது வயது, தடித்த உடம்பு, வியாபாரத்தில் விண்ணன். தாழ்வுபாட்டு றோட்டில் சைக்கிளுக்குத் தனிப்பாதை கீறப் போகிறார்கள் என்று அவனுடைய காதுக்கு எட்டியிருந்தது. "என்ட கடை வாசல்ல கோடு கீறினா லொறி எங்க நிக்கிறது? சீமெந்தைத் தலையில வெச்சா இறக்குறது?" என்று அவன் கேட்க, மற்றக் கடைக்காரர்களும் சேர்ந்து சத்தம் போட்டார்கள். கூட்டம் அதோடு கலைந்தது. ஆனால் வரவுத் தாளைத் திட்டக்காரர் மறக்கவில்லை. வாசலில் வைத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்.

ஜூன் மாதம் பாதை வந்தது. தாழ்வுபாட்டு றோட்டில் அல்ல. கோட்டைப் பக்கமாகப் போகிற அகலமான றோட்டில், ஒரு கடையும் ஒரு வீடும் இல்லாத நீளத்தில், பச்சை மையால் பட்டையாகப் பூசி, நடுவில் வெள்ளைச் சைக்கிள் படம் போட்டிருந்தார்கள். ஏன் அங்கே என்று எடித் கேட்டதற்கு, ஆட்சேபனை வராத பாதை அதுதான் என்று யசோதரன் சொன்னான். ஆட்சேபனை எப்படி வரும்? அந்த வழியால் ஆட்கள் போனால்தானே வரும். நண்டுக் கம்பனிப் பெண்கள் எவரும் அந்தப் பக்கம் போவதில்லை. சந்தைக்குப் போகிறவர்களும் இல்லை, பள்ளிப் பிள்ளைகளும் இல்லை.

திறப்பு விழா அன்று சோளகக் காற்று பேய்க் காற்றாக அடித்தது. வெளியூரிலிருந்து வந்த விருந்தினர்கள் பச்சை ரீசேட்டும் தொப்பியும் போட்டு எதிர்க்காற்றில் அரை மைல் மிதித்தார்கள். தொப்பிகள் பறந்து கடலுக்குப் போயின. எடித்துக்கும் ஒரு ரீசேட் கொடுத்து முன்வரிசையில் ஓடச் சொன்னார்கள், உள்ளூர்ப் பெண் ஒருத்தி படத்தில் வேண்டுமாம். அவள் ஓடினாள். வீட்டுக்கு வந்து அந்த ரீசேட்டைக் கழற்றி எறிந்த எறியில் யாகப்பர் எழும்பி முற்றத்துக்குப் போய்விட்டார்.

அடுத்த கிழமை சந்தைக்குப் போகிற சாட்டில் அந்தப் பாதையை ஒருக்கால் பார்த்துவிட்டு வந்தாள். ஐந்து கழுதைகள் பச்சைப் பட்டையில் நீட்டி நிமிர்ந்து படுத்திருந்தன. சைக்கிள் ஒன்றையும் காணவில்லை.

"கழுதையளுக்குப் பாய் விரிச்சு விட்டிருக்கினம்" என்று கம்பனியில் வந்து சொன்னாள். மேசை முழுக்கச் சிரித்தது. முஸ்பிரா மட்டும் சிரிக்காமல் நண்டை உடைத்துக்கொண்டிருந்தாள். எடித்துக்கு அந்தச் சிரிப்பும் பிடிக்கவில்லை, சிரிக்காததும் பிடிக்கவில்லை. அன்றைக்கு முழுக்க எல்லாரோடும் எரிந்து விழுந்தாள்.

செப்டம்பரில் மூன்றாவது கடிதம். 'மதிப்பீட்டுக் கலந்துரையாடல்'. இன்னும் ஒரு மாதத்தில் மழை தொடங்கும். கானுக்குள் போன வருடத்து மண்ணும் போத்தல்களும் அப்படியே கிடந்தன, குழி இரண்டும் வாயைத் திறந்தபடி. எடித் இந்த முறை தனியாகப் போகவில்லை. கம்பனிப் பெண்களையும் மாதர் சங்கத்தையும் சேர்த்து முப்பத்தொரு பேரைக் கூட்டிக்கொண்டு போனாள். யசோதரனுக்கு வாயெல்லாம் பல். இத்தனை பேர் எந்தக் கூட்டத்துக்கும் வந்ததில்லை.

ஒரு படிவம் கொடுத்தார்கள். 'இத்திட்டத்தில் உங்கள் கருத்துகள் உள்வாங்கப்பட்டனவா?' ஆம், ஓரளவு, மிகவும். இந்த மூன்றில் ஒன்றுக்குச் சரி போடவேண்டும்.

"தம்பி, இல்லை எண்டதுக்குக் கட்டம் எங்க?"

"அது... வடிவம் மேலிடத்தில இருந்து வந்தது அக்கா. ஓரளவுக்குப் போடுங்கோவன்."

எடித் பேனையை மூடினாள். படிவத்தை மடித்துக் கதிரையில் வைத்தாள். "நாங்கள் ஒருத்தரும் இண்டைக்கு வரவுத் தாளில கையெழுத்து வைக்கமாட்டம்" என்றாள்.

அவன் முதலில் விளங்காதவன்போல் பார்த்தான். பிறகுதான் முகம் மாறியது. "அக்கா, வந்திருக்கிறியள்தானே. வந்ததுக்குத்தான் கையெழுத்து."

"வந்தது எங்களுக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். கையெழுத்து உங்கட மேலிடத்துக்கு. நாங்கள் சொன்ன ஒண்டையும் கேக்காமல், கேட்டம் எண்டு காட்டுறதுக்கு எங்கட பேர் வேணும். தரமாட்டம். மூடி வரட்டும், கையெழுத்து வரும்."

முப்பத்தொரு பேரும் எழும்பினார்கள். வாசலில் தட்டில் இருந்த ரோல்ஸையும் எடுக்காமல் போனார்கள். அதுதான் பெரிய விசயம் என்று யாகப்பர் பிறகு சொன்னார்.

அடுத்த நாள் பின்னேரம் யசோதரன் மோட்டார் சைக்கிளில் வீட்டுக்கு வந்தான். இஸ்திரி குலைந்திருந்தது. யாகப்பர் கதிரை எடுத்துப் போட்டார். எடித் தேத்தண்ணி வைத்தாள், ஆனால் முகத்தை இளக்கவில்லை.

"அக்கா, நான் ஒவ்வொரு முறையும் உங்கட மூடியை எழுதித்தான் அனுப்பினனான். மேல சுருக்கேக்க அது போயிடுது. நான் அரசாங்கக் கந்தோர் ரெண்டுக்கும் போய்க் கேட்டனான். ஒரு கந்தோர் சொல்லுது றோட்டுத்தான் தங்கட, கான் தங்கட இல்லையாம். மற்றது சொல்லுது கான் தங்கட, மூடி றோட்டைச் சேர்ந்ததாம். எங்கட திட்டக் காசில கொங்கிறீற் வேலை செய்யேலாது. மை பூசலாம், பலகை வைக்கலாம், கூட்டம் வைக்கலாம். நான் என்ன செய்யிறது? எனக்கும் பைத்தியம் பிடிக்குது."

இவ்வளவு நாளும் அவனை ஏசுவதற்கு எடித் சேர்த்துவைத்திருந்த சொல்லெல்லாம் உதவாமல் போயின. அது அவளுக்கு இன்னும் கோபத்தைக் கூட்டியது.

"நீங்கள் அந்த வளைவால எப்பவாவது சைக்கிளில போயிருக்கிறியளோ?"

"மோட்டார் சைக்கிளில போயிருக்கிறன்."

"நாளைக்குக் காலமை ஆறு மணிக்கு வாங்கோ. சைக்கிளோட."

வந்தான். வயல் ஊர்ப் பெடியன், சின்ன வயதில் பள்ளிக்கூடத்துக்கு ஏழு மைல் மிதித்தவனாம். ஓட்டத்தில் குறை சொல்ல இடமில்லை. பெண்களின் வரிசைக்கு நடுவில், எடித்துக்குப் பின்னால் ஓடினான். வளைவில் றம்ஸீனின் லொறி வழக்கம்போல நின்றது. எதிரே தாழ்வுபாட்டு பஸ் ஹோணை அடித்தபடி வந்தது. முன்னால் போன பெண்கள் பழக்கத்தில் நெளிந்து வளைந்து போய்விட்டார்கள். யசோதரன் இடது பக்கம் ஒதுங்கினான், பிரேக்கைப் பிடித்தான், ஒரு காலை ஊன்றினான். ஊன்றிய காலுக்கு ஒரு சாண் தள்ளிக் குழி. பஸ் அவனுடைய சேட்டை உரசுகிற மாதிரிப் போனது.

அவன் இறங்கிக் குழிக்குள் எட்டிப் பார்த்தான். "நீங்கள் வழியில சொன்ன முஸ்பிரா எண்டவ விழுந்தது இதிலயோ?" என்று கேட்டான்.

"இதிலதான். மழைத் தண்ணிக்குள்ள."

அவன் சைக்கிளைச் சாத்திவிட்டு, நல்ல சேட்டோடு நிலத்தில் முழந்தாளிட்டு, பையிலிருந்து அளவு நாடாவை எடுத்தான். அளந்தான். கையெழுத்துக் கிடைக்கும் என்ற நம்பிக்கையில் கொண்டுவந்த வரவுத் தாள் மடிப்புக் குலையாமல் பொக்கற்றில் இருந்தது. அதன் பின்பக்கத்தில் கீறினான். நாலடி நீளம், இரண்டடி அகலம், நாலு அங்குலத் தடிப்பு, கம்பி இன்ன இடைவெளியில், கலவை இன்ன கணக்கில்.

"எங்கட திட்டம் போடாது. ரெண்டு கந்தோரும் இப்போதைக்குப் போடாது. ஆனால் இது பெரிய வேலை இல்லை அக்கா. ஒரு மேசன் ஒரு நாளில வார்ப்பான்" என்று தாளை அவளிடம் நீட்டினான்.

எடித் அதை வாங்கிக்கொண்டு அந்த இடத்திலிருந்தே றம்ஸீனின் கடைக்குள் ஏறினாள். அன்றைக்குக் கம்பனிக் கேற் பூட்டுப்பட்டது, பட்டால் படட்டும்.

"றம்ஸீன் தம்பி, உங்கட லொறி நிக்கிறதாலதான் சனம் அந்தப் பக்கம் ஒதுங்குது. அங்க குழி."

"அக்கா, காலங்காத்தால தொடங்காதீங்க. லொறியை நான் என்ட தலையில வெச்சிக்கவா?"

"லொறியை எடுக்கச் சொல்லி நான் இண்டைக்குக் கேக்கேல்லை. சீமெந்து தாங்கோ, கம்பி தாங்கோ, பின்வளவைத் தாங்கோ. மிச்சத்தை நாங்கள் பாக்கிறம்."

"நான் ஏன் தரணும்? கான் என்ட வாப்பாட சொத்தா?"

"தராட்டில் நான் நாளைக்கும் வருவன். நாளையிண்டைக்கும் வருவன். உங்கட யாவாரம் நடக்கிற நேரமாப் பாத்து, முப்பது பேரோட வந்து, இதையே கேட்டுக்கொண்டிருப்பன்."

றம்ஸீன் தலையில் கை வைத்தான். பின்னால் வந்து வாசலில் சைக்கிளோடு நின்ற பெண்களைப் பார்த்தான். பிறகு கடைக்காரனுக்கே உரிய ஒரு பெருமூச்சு விட்டான். "உங்கட வாயை மூடுறதுக்கு ஒரு பை சீமெந்து மலிவு அக்கா. எடுங்க. அல்லாவுக்காக இந்தப் பேச்சை நிப்பாட்டுங்க."

மூடிகளைக் கடையின் பின்வளவில் வார்த்தார்கள். மேசன் வேலை தெரிந்த யாகப்பரின் தம்பி பலகையில் அச்சு அடித்தார், யசோதரன் சனிக்கிழமை விடுமுறையில் வந்து கம்பி கட்டிக் கொடுத்தான். வார்த்த மூடி வெடிக்காமல் இருக்கப் பத்து நாள் ஈரச்சாக்குப் போட்டுத் தண்ணீர் ஊற்றவேண்டும். காலையில் வேலைக்குப் போகும்போதும் பின்னேரம் திரும்பும்போதும் எடித் ஊற்றினாள். ஒரு நாள் போகும்போது யாரோ சாக்கை எடுத்துக் கோழிக்கூட்டை மூடியிருந்தார்கள். அன்றைக்கு அவள் போட்ட சத்தத்தில் கடைக்கு வந்த இரண்டு வாடிக்கையாளர்கள் திரும்பிப் போய்விட்டார்கள் என்று றம்ஸீன் பல நாளாகச் சொல்லித் திரிந்தான்.

பதினோராவது நாள், ஒக்டோபர் நடுவில், வானம் கறுத்துக் கிடந்தது. யாகப்பர் கடலுக்குப் போகாமல் தன் கூட்டாளிகள் நாலு பேரைக் கூட்டி வந்தார். மூடிகளை லொறியில் ஏற்றிப் முப்பதடி தூரம் கொண்டுபோய் இறக்கினார்கள். முதலாவது மூடி அப்படியே போய் உட்கார்ந்தது. இரண்டாவது உட்காரவில்லை. ஒரு மூலை அரை அங்குலம் இடித்தது.

"அளந்ததோ அளக்கேல்லையோ!" என்று எடித் கத்தினாள்.

"நான் சரியாத்தான் அளந்தனான் அக்கா. கான்தான் கோணல்" என்று யசோதரனும் பதிலுக்குக் கத்தினான்.

"கான் கோணல் எண்டால் கோணலா வார்க்கிறதுக்கென்ன?"

யாகப்பர் உளியும் சுத்தியலும் எடுத்துக் கொத்தத் தொடங்கினார். ஒன்றரை மணித்தியாலம் கொத்தினார். இரு பக்கமும் வாகனம் நின்று ஹோண் அடித்தது. அந்த நேரம் பார்த்து மோட்டார் சைக்கிளில் ஒருவர் வந்து இறங்கினார். கையில் கோப்பு. எந்தக் கந்தோர் என்று அவர் சொன்னதை ஹோண் சத்தத்தில் எடித் சரியாகக் கேட்கவில்லை, கேட்கவும் முயலவில்லை.

"ஆர் உங்களுக்கு அனுமதி தந்தது? பொது இடத்தில தனியார் கட்டட வேலை செய்யேலாது. உடன எடுக்கவேணும்."

"எடுங்கோ" என்றாள் எடித். "எடுத்துப்போட்டு நாளைக்குக் காலமை ஆறு மணிக்கு இந்தக் குழிக்குப் பக்கத்தில வந்து நில்லுங்கோ. மழை பெஞ்சாலும் நில்லுங்கோ. அம்பது சைக்கிள் வரும், ஒவ்வொண்டாக் கை காட்டி விலத்தி விடுங்கோ. மழைக்காலம் முடியுமட்டும் நீங்கள் வருவியளெண்டால் நாங்கள் இப்பவே எடுக்கிறம்."

அவர் அவளுடைய பெயரையும் முகவரியையும் எழுதிக்கொண்டு போனார். இரண்டு கிழமையில் விளக்கம் கோரி ஒரு கடிதம் வந்தது. எடித் மூன்று பக்கத்துக்கு விளக்கம் எழுதினாள், முதல் கடிதம் தொடக்கம் நடந்தது எல்லாவற்றையும். அதற்குப் பதில் இன்றுவரை வரவில்லை. மூடியை எடுக்கவும் ஒருவரும் வரவில்லை.

டிசம்பரில் யசோதரனின் வேலை ஒப்பந்தம் முடிந்தது. கையெழுத்து இல்லாமல் அவனால் கணக்கை மூடமுடியாது என்று எடித்துக்குத் தெரியும். முப்பத்தொரு பேரையும் கூப்பிட்டுக் கையெழுத்து வைக்கச் செய்தாள். தன்னுடைய பெயருக்கு நேரே, குறிப்பு என்ற இடத்தில், 'மூடி நாங்கள் போட்டது' என்று எழுதினாள்.

திட்டத்தின் இறுதி அறிக்கை அழகான புத்தகமாக வந்தது. யசோதரன் ஒரு பிரதியைக் கொண்டுவந்து கொடுத்தான். அட்டையில் அந்த இரண்டு மூடிகளும், அவற்றுக்கு மேலால் போகிற ஒரு சைக்கிளும். கீழே, 'பங்கேற்புத் திட்டமிடலின் வெற்றி' என்ற வரி. எடித் எழுதிய குறிப்பைத் தேடினாள். எங்கேயும் இல்லை.

"இது ஆரிட்டச் சொல்லி அழ?" என்று புத்தகத்தை மேசையில் அடித்தாள்.

"என்ர பேரும் இல்லை அக்கா" என்றான் யசோதரன். "வவுனியாவில தண்ணித் தாங்கித் திட்டம் ஒண்டில வேலை கிடைச்சிருக்கு. அங்கயும் கூட்டம் வைக்கவேணும்." சொல்லும்போதே அவனுக்கு முகம் சுருங்கியது. எடித் சாப்பாடு போட்டு அனுப்பினாள்.

இவ்வளவும் ஆனபிறகும் அவளுடைய எரிச்சல் அடங்க வழியில்லாமல் போயிற்று. மூடி போட்டாயிற்று, ஆனால் பெண்கள் பழைய பழக்கத்தில் இன்னும் நடுறோட்டுக்கு வெட்டித்தான் போனார்கள். கானுக்கு மேலே பாதை இருப்பதை மறந்து, பஸ்ஸுக்கு முன்னால் போய் விழப் பார்த்தார்கள். எடித் ஒரு கிழமை முழுக்கக் காலை ஐந்தே முக்காலுக்கு வளைவில் போய் நின்றாள். "உள்ளால போங்கோ! மூடிக்கு மேலால! கண் தெரியேல்லையோ?" என்று தொண்டை கட்டும்வரை கத்தினாள். றம்ஸீன் கடையைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு, "அக்கா, ஒரு ஒலிபெருக்கி தரவா?" என்றான். லொறியை மட்டும் எடுக்கவில்லை.

அந்தக் கிழமையின் நாலாவது நாள் முஸ்பிரா வந்தாள். நடந்தல்ல, சைக்கிளை உருட்டிக்கொண்டு. சில்லுகளுக்குப் புதிதாகக் காற்று அடித்திருந்தது. வளைவுக்குக் கிட்ட வந்ததும் நின்றுவிட்டாள்.

"ஏறி ஓடன்" என்றாள் எடித்.

"கால் நடுங்குது அக்கா."

"நடுங்கினால் நடுங்கட்டும். நாலு பேர் தூக்கி வைச்ச மூடி. யானை நிண்டாலும் அசையாது."

முஸ்பிரா செருப்புக் காலால் முதல் மூடியை ஒரு தட்டுத் தட்டினாள். பிறகு மற்ற மூடியையும். சைக்கிளை உருட்டியபடி இரண்டுக்கும் மேலால் நடந்து அங்கால் போனாள். திரும்பி உருட்டிக்கொண்டு இங்கால் வந்தாள். பின்னால் வந்த பெண்கள் வரிசையாக நின்று மணி அடித்தார்கள். நேரம் போய்க்கொண்டிருந்தது, இன்றைக்கும் கேற் பூட்டுப்படும் என்று எடித்துக்கு நெஞ்சு கொதித்தது.

"மாதாவே, இவள் என்னைச் சாகடிக்கப் போறாள்! ஏறு முஸ்பிரா!"

முஸ்பிரா ஏறினாள். ஹாண்டில் இரண்டு தரம் ஆட்டம் கண்டது. முதல் மூடியில் சில்லு ஏறி, இரண்டாவதில் உருண்டு, வளைவைக் கடந்து நேர் றோட்டில் இறங்கியது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. முக்காட்டின் நுனி காற்றில் அடித்தபடி போய்க்கொண்டேயிருந்தாள். எடித் தன்னுடைய சைக்கிளில் ஏறி, அவளை எட்டிப் பிடிக்க மூச்சு வாங்க மிதித்தாள். "மெல்லப் போடி, மெல்ல!" என்று வழி நெடுக அவளை ஏசிக்கொண்டே போனாள்.